யாருடைய சத்தம் புகாராகிறது? மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து ஒரு வரலாறு

மாசி மாதப் பௌர்ணமி நெருங்கும்போது மாமல்லபுரம் கடற்கரை மணலில் சேலைகளாலும் தார்ப்பாய்களாலும் ஒரு ஊர் எழும்பும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். கன்னியம்மன் கடலோரம் வந்து அருள் தருவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் மணலைக் குவித்துப் படி கட்டி, பூவும் பழமும் வைத்துப் படைப்பார்கள். அங்கேயே திருமணம் நடக்கும், பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவார்கள், அடுத்த ஆண்டுத் திருமணத்துக்குப் பெண் பார்ப்பார்கள். இரவெல்லாம் பாட்டும் பேச்சும் இருக்கும். ஆண்டு முழுக்கச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் தோப்புக் காவலிலும் சிதறிக் கிடக்கிற ஒரு சமூகம், தான் ஒரு சமூகம் என்று தனக்கே சொல்லிக்கொள்கிற நாள் அது.

அதே ஊரில் டிசம்பர், ஜனவரியில் சுற்றுலாத் துறை நாட்டிய விழா நடத்துகிறது. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தபோது ஊரே வெள்ளையடிக்கப்பட்டது. சாலையோரக் கடைகள் மறைந்தன. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. இவற்றுக்கும் மேடை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, கூட்டம் உண்டு. இவற்றை யாரும் 'தொல்லை' என்று சொல்வதில்லை. அரசு அழைப்பிதழ் அச்சிட்டுவிட்டால் ஒலிக்குக் கலை என்று பெயர்.

எந்த ஊர் நகராட்சிக்குப் போனாலும் ஒரு வகை மனுவைப் பார்க்கலாம். "பூங்காவில் கூட்டம் கூடிச் சத்தம் போடுகிறார்கள், குடியிருப்போருக்கு இடையூறு, நடவடிக்கை எடுக்க வேண்டும்." கீழே குடியிருப்போர் நலச் சங்கத்தின் முத்திரை இருக்கும். மனு நியாயமானதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைக் கையில் வாங்கும் அதிகாரி ஒரு நீண்ட வரலாற்றையும் சேர்த்தே வாங்குகிறார். பூங்காவில் வாசிப்பு வட்டம் நடத்துகிற, ஏப்ரல் 14-க்குப் பறை அடிக்க அனுமதி கேட்டு அலைகிற இளைய தோழர்களுக்கு அந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

பறையிலிருந்து தொடங்குவோம். ஐந்து திணைக்கும் தனித்தனிப் பறை சொன்ன மொழி இது. நம் கடற்கரைக்கும், அதாவது நெய்தலுக்கும், ஒரு பறை உண்டு: மீன்கோட்பறை. பறைதல் என்றால் சொல்லுதல். சொல்லுதலைக் குறித்த கருவி எப்படித் தீண்டாமையின் அடையாளமானது என்பது தனிக் கட்டுரைக்கான பொருள். இங்கே ஒரு முரணை மட்டும் பார்ப்போம். சேரி மக்கள் பறை அடிப்பதை ஊர் எதிர்த்ததே இல்லை. ஊர்ச் சாவுக்கு அடிக்க வேண்டும், ஊர்த் திருவிழாவுக்கு அடிக்க வேண்டும், வரி கட்டச் சொல்லித் தண்டோரா போட வேண்டும். மாட்டேன் என்றால் அடி விழும், வேலை போகும், கிணறு மூடும். அதே கையால் தன் வீட்டுத் திருமணத்துக்கு அடித்துக்கொண்டு ஊர்த் தெரு வழியாகப் போனால் கலவரம். பிரச்சினை டெசிபல் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஒலியின் அளவு ஒன்றேதான். அது யாருக்காக ஒலிக்கிறது, எந்தத் தெருவில் ஒலிக்கிறது என்பதுதான் மாறியது. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதுவரை அரசே அந்தச் சேவையை வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஆங்கிலேயர் வந்தபோது ஒலி சட்டத்துக்குள் வந்தது. 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு ஊர்வலத்துக்கும் கூட்டத்துக்கும் உரிமம் கேட்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. திருவிழாக்களின்போது தெருவில் எவ்வளவு இசை இருக்கலாம் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது. 1857 கிளர்ச்சியை அடக்கிய கையோடு எழுதிய சட்டம். இன்றும் நம் மாவட்டங்களில் "30(2) அமலில் இருக்கிறது" என்று சொல்லித்தான் அரங்கக் கூட்டத்தைக்கூடக் காவல் நிலையத்தில் மறுக்கிறார்கள். நூற்று அறுபது ஆண்டுகள் கடந்தும் சாகாத பிரிவு.

அதே காலத்தில் நீதிமன்றங்களில் இன்னொரு வழக்கு வரிசை ஓடியது. 1882-இல் சேலத்தில் மசூதி முன்பு இசையோடு ஊர்வலம் போவது பற்றிப் பெரும் கலவரம். அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, சுந்தரம் செட்டி வழக்கில், பொதுத் தெருவில் இசையோடு ஊர்வலம் போக மக்களுக்கு உரிமை உண்டு என்றது. எதிர்ப்பு வருகிறது என்பதற்காக உரிமையை உடனே தடுத்துவிடக் கூடாது, உரிமையைப் பயன்படுத்துவோருக்குப் பாதுகாப்பு தருவதே நடுவரின் முதல் வேலை என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்டு வழக்காடியவர்கள் ஊர்த் தெருவில் ஏற்கெனவே நடக்க முடிந்தவர்கள். தெருவில் கால் வைக்கவே முடியாதவனுக்கு, அங்கே மேளம் அடிக்கும் உரிமை பற்றிய தீர்ப்பால் என்ன பயன்?

அந்தக் கேள்விக்குப் பதில் செங்கல்பட்டு மண்ணிலிருந்து வந்தது. இம்மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1924 செப்டம்பர் 25 தேதியிட்ட 2660-ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தலாம் என்றது அது.

"பொதுமக்கள் கூடும் இடம்" என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் கிணறு, குளம், படித்துறை, சாலை என்ற வரிசையில் இதே கருத்து வந்து உட்கார்ந்தது: அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொதுமக்கள் கூடும் இடங்கள். நகராட்சிப் பூங்கா அதற்குள் வரும். கடற்கரை மணல் அதற்குள் வரும். பூங்காவில் நாம் உட்காரும் உரிமை நகராட்சி ஆணையர் தரும் சலுகை இல்லை. சீனிவாசன் தீர்மானத்தின் வாரிசு அது.

இதே செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. சௌந்தரபாண்டியனார் தலைமை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். கூடிப் பேசுவதால் என்ன மாறும் என்று கேட்பவர்கள் தங்கள் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே நகரத்தில் கூடியதற்காக உயிர் போன கதையும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. நூறு ஆண்டு கழித்து, மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில், கைமாறிப்போன பஞ்சமி நிலத்தை மீட்கத் தலித் மக்கள் இறங்கினார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் கூடியவர்கள் மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் காரணையில் கூடுகிறோம், முழக்கமிடுகிறோம். அந்த முழக்கத்தை எத்தனை டெசிபல் என்று அளப்பது?

அடுத்து வரும் வழக்கு 1990-களின் நகர்மயத்தோடு வந்தது. பூங்காச் சத்தம் பற்றி இன்று எழுதப்படும் எல்லா மனுக்களுக்கும் அதுவே தாய். சென்னை மாதவரம் நெடுஞ்சாலை அருகே கே.கே.ஆர். நகரில் ஒரு பெந்தெகோஸ்தே சபை. ஒலிபெருக்கி, டிரம்ஸ், கிதார் வைத்துப் பாடி ஜெபிப்பவர்கள். பக்கத்தில் மெஜஸ்டிக் காலனி. 1996 மே மாதம் காலனியின் நலச் சங்கம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் செய்தது. வாரியம் அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதியது. ஒலி அளக்கப்பட்டது. சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலும் அதில் கலந்திருப்பது அளவீட்டிலேயே தெரிந்தது. எங்கள் மதச் செயல்பாட்டை முடக்கத்தான் இந்தப் புகார் என்றது சபை. 1999-இல் உயர் நீதிமன்றம் சபைக்கு எதிராக உத்தரவிட்டது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது: அடுத்தவர் அமைதியைக் குலைத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை, முதியவர், நோயாளி, குழந்தை, படிக்கும் மாணவர் ஆகியோரின் உரிமையையும் பார்க்க வேண்டும் என்றது.

இந்தத் தீர்ப்பை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். சேரியில் வாழ்ந்தவர்களுக்குக் கூம்பு ஒலிபெருக்கி என்றால் என்னவென்று தெரியும். ஊர்க் கோயில் திருவிழாவில் நான்கு குழாயில் இரண்டு காலனியைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒற்றை அறை வீட்டில் படிக்கிற பெண்ணுக்கு ஜன்னலை மூடும் வசதி கிடையாது, ஏசி கிடையாது. அமைதி என்பது வசதி படைத்தவர்களின் கோரிக்கை மட்டும்தான் என்று பேசுவது சோம்பேறித்தனமான அரசியல். ஆனால் தீர்ப்புக்குப் பின்னால் இருந்த நடைமுறையைப் பாருங்கள். புகாரை எழுதவும், வாரியத்துக்கு அனுப்பவும், வழக்கறிஞர் வைக்கவும் ஒரு பதிவு பெற்ற சங்கம் இருந்தது. காலனிப் பெண்ணுக்கு அந்தச் சங்கம் இல்லை. அவள் புகார் பதிவேட்டில் ஏறுவதில்லை. ஆகவே பதிவேட்டில் எப்போதும் ஒரே திசையிலிருந்து ஒரே மாதிரி சத்தம்தான் கேட்கிறது.

நியூயார்க்கில் இதே கதை இன்னும் நேரடியாகப் பூங்காவில் நடந்தது. நிறவெறிக்கு எதிரான ராக் இசைக்குழு அமைப்பு ஒன்று, 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்', 1979 முதல் ஆண்டுதோறும் சென்ட்ரல் பூங்காவின் திறந்த மேடையில் நிகழ்ச்சி நடத்தியது. பூங்காவை ஒட்டி வசதியான குடியிருப்புகள். பக்கத்திலேயே அமைதிக்கென்று ஒதுக்கிய புல்வெளி. புகார் மேல் புகார். 1984-இல் சத்தத்தைக் குறைக்க மறுத்தபோது நகர அதிகாரிகள் மின்சாரத்தையே துண்டித்தார்கள். பிறகு 1986-இல் நகரம் ஒரு விதி போட்டது: இனி யார் நிகழ்ச்சி நடத்தினாலும் ஒலிக் கருவியும் அதை இயக்கும் ஆளும் நகரத்தினுடையதாக இருக்கும். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989-இல் பெரும்பான்மை நீதிபதிகள் விதி செல்லும் என்றார்கள். பேச்சின் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துகிறது, ஆகவே சரி என்பது வாதம். மறுத்து எழுதியவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. சத்தத்துக்கு ஒரு அளவு வைத்து மீறினால் தண்டிக்கலாமே, ஒலியின் திருகாணியையே அரசிடம் முன்கூட்டி ஒப்படைப்பது ஏன் என்பதுதான் அவர் எதிர்ப்பின் அடிப்படை.

நமக்கு இதில் இரண்டு பாடம். பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்ன 'எல்லோருக்கும் ஒரே விதி' என்பதை நாம் பிடித்துக்கொள்ளலாம். அந்த அளவுகோலைக்கூட நம் ஊர்கள் தாண்டுவதில்லை. மார்ஷல் கேட்ட கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. அளவை மீறினால் நடவடிக்கை எடு. மீறுவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதே.

இந்தியாவிலும் இதற்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது. அகமதாபாத்தில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி மறுக்கப்பட்ட ஹிம்மத்லால் ஷா தொடர்ந்த வழக்கில், 1972-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, தெருவிலும் பொதுவெளியிலும் கூட்டம் நடத்துவதை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஒட்டுமொத்தமாக மூடிவிட முடியாது என்றது. வழிகாட்டும் நெறி எதுவும் இல்லாமல் 'அதிகாரி விருப்பம்' என்று விட்டிருந்த விதியை ரத்து செய்தது. நம் கூட்ட அனுமதி மனுவில் இந்தத் தீர்ப்பின் பெயரை ஒரு வரி எழுதினால் காவல் நிலையத்தில் பேச்சின் தொனி கொஞ்சம் மாறும். சில இடங்களில் மாறாது; அதுவும் எழுத்தில் வரட்டும்.

மாமல்லபுரத்தைப் பற்றி எழுதிவிட்டு 2013 ஏப்ரல் 25-ஐத் தாண்டிப் போக முடியாது. அன்று வன்னியர் சங்கமும் பா.ம.க.வும் நடத்திய சித்திரை முழுநிலவு விழாவுக்குப் பல மாவட்டங்களிலிருந்து வண்டிகள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தன. வழியில் மரக்காணத்தில் மோதல். கட்டையன் தெருவில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. மாநாட்டுக்குப் போனவர்களில் இருவர் இறந்தார்கள். மேடை இரவு 10 மணி நிபந்தனையைத் தாண்டி நடந்தது என்றும் வழக்குப் போடப்பட்டது. அதன் பிறகு அந்த விழா இந்தக் கடற்கரைப் பக்கம் வந்தது 2025 மே மாதம், திருவிடந்தையில். வீடு எரிந்த சம்பவத்தின் கோப்பில் 10 மணி நிபந்தனை மீறலும் ஒரு தாளாக இருக்கிறது. ஒலி விதிகள் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதற்கு அந்தத் தாள் போதும். பெருங்கூட்டம் போகும் வழியில் இருக்கிற காலனி, தன் அச்சத்தை எந்த மனுவில் எழுதும்? அதற்கு ஒரு படிவமும் கிடையாது.

இனி விதிக்கு வருகிறேன், ஏனென்றால் மனு வந்துவிட்டால் விதிதான் பேசும். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000 பிப்ரவரியில் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக இருக்கலாம். அங்கே 50, 40. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். அந்த 15 நாள் யாருடைய விழாக்களுக்குப் போகிறது என்பது ஆய்வு மாணவர் ஒருவர் உட்கார்ந்து எடுக்க வேண்டிய கணக்கு.

அளவைவிட 10 டெசிபல் கூடுதலாக இருந்தாலோ இரவு நேரத் தடை மீறப்பட்டாலோ யாரும் புகார் செய்யலாம். அப்புகார் போக வேண்டிய இடம் நகராட்சி மன்றம் இல்லை. மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி. நகராட்சியிடம் இருப்பது பூங்காவின் சாவி மட்டும். கவுன்சிலர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார் என்று பூங்காக் காவலாளி பறையைப் பிடுங்கினால் அது விதிப்படியான நடவடிக்கை ஆகாது. தடை போட்டால் எழுத்தில் போட வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதை நீக்கக் கோரி விண்ணப்பிக்கலாம், அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமல் பூங்காவில் உட்கார்ந்து பேசுகிற முப்பது பேரின் குரல் எந்த அளவைத் தாண்டும் என்று கருவி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கருவி பெரும்பாலும் இருக்காது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் இந்த இடத்தில் படிக்க வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையோ நடத்துவதையோ தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. பொதுவெளியைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். பொய்யான தகவலை அரசு ஊழியருக்குக் கொடுத்து, அவர் அதிகாரத்தைத் தலித்துக்கு எதிராகப் பயன்படுத்த வைப்பதும் குற்றம். இதை எடுத்தவுடன் வீசக் கூடாது. பக்கத்து வீட்டு முதியவர் தூக்கம் வரவில்லை என்று உண்மையாகவே எழுதிய மனுவுக்கு இந்தப் பிரிவைக் காட்டினால் சட்டமும் கெடும், அண்டை வீட்டாரும் கெடுவார். அவரிடம் நேரில் போய்ப் பேச வேண்டும். ஒலிபெருக்கியை அவர் வீட்டுப் பக்கம் திருப்பாமல் வைக்க வேண்டும். ஆனால் திருவிழாவுக்குப் பதினொரு நாள் ஒலிபெருக்கி கட்டிய அதே தெருவிலிருந்து, அம்பேத்கர் பிறந்தநாளின் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் மனு வந்தால், அந்த ஒப்பீட்டைப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்ய எளிய வழி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் அவகாசம். நகராட்சியிடம் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் பூங்காக்களிலும் திடல்களிலும் நிகழ்ச்சி நடத்த வந்த விண்ணப்பங்கள் எத்தனை, யாருக்கு அனுமதி, யாருக்கு மறுப்பு, மறுப்பின் காரணம் என்ன, நகல் வேண்டும். மாவட்டக் காவல் அலுவலகத்திடம் தனியாகக் கேளுங்கள்: ஒலி பற்றிய புகார்கள் எத்தனை, எந்தெந்த நிகழ்ச்சிகள் மீது, எத்தனையில் கருவி வைத்து அளந்தார்கள், நடவடிக்கை என்ன. இரண்டு பதிலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் உங்கள் ஊரின் ஒலி வரைபடம் கிடைத்துவிடும். மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செங்கல்பட்டு: நான்கு ஊருக்கு நான்கு தோழர்கள் போதும். பதில் வந்ததும் எழுதி அனுப்புங்கள்; மாவட்டத்துக்குச் சேர்த்து ஒரு பட்டியல் தயாரிப்போம்.